வண்டியிலிருந்து கூடத்துக்கு வந்த சப்வூஃபர்

பழைய வண்டியை விற்றுவிட முடிவு செய்கிறவர்கள், அதன் சக்கரங்களையும் இருக்கைகளையும் வாங்குகிறவரிடமே ஒப்படைத்துவிட்டாலும், இளமைக்காலச் சம்பாத்தியத்தில் மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் பார்த்துப் பார்த்துப் பூட்டிய ஒலிச் சாதனத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வார்கள் என்பது, காஜாங், செமினி, பாங்கி முதலிய ஊர்களின் தாமான்களில் வாழும் நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. புரோட்டோன் வீராவோ பெரோடுவா கன்சிலோ வாசலை விட்டுப் போய்ப் பல காலம் ஆன பின்பும், அதன் பின்புறத்தில் அதிர்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு அங்குல சப்வூஃபர், கம்பளம் ஒட்டிய பலகைப் பெட்டியோடு சாமான் அறையில் பழைய பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்தபடி கிடக்கிறது. அவ்வாறு கிடந்த ஒரு தொகுதியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வீட்டு மின்சாரத்தில் இயக்கி, மாலை வேளைகளில் தொடர்ந்து கேட்டு, அதில் எழுந்த கரகரப்பின் மூலத்தைத் தேடிக் கண்ட அனுபவத்தையும், இந்த ஏற்பாடு பொருளும் உழைப்பும் செலவிடத் தக்கதுதானா என்பதைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தொகுதி எளியதுதான். வானொலியும் புளூடூத்தும் உள்ள ஒரு பிளேயர். ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டு. நான்கு ஓம் சுமையில் 300 வாட்டும் இரண்டு ஓம் சுமையில் 500 வாட்டும் தரும் என்று எழுதப்பட்ட, டி வகுப்பைச் சேர்ந்த ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபயர். இரட்டைக் கம்பிச் சுருள் கொண்ட, சுருள் ஒன்றுக்கு இரண்டு ஓம் மின்தடையுள்ள சப்வூஃபர். அதற்கென்று முன்புறத்தில் துவாரக் குழாய் வைத்துச் செய்த பெட்டி. பிளேயரின் பின்னால் வரும் வயர்களின் நிறங்கள் பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே கிரமத்தில் அமைந்திருப்பதால், இணைக்கிறவருக்குக் கஷ்டமில்லை. மஞ்சள் எப்போதும் மின்சாரம் வேண்டுவது, சிவப்பு சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெறுவது, கறுப்பு எதிர்முனை, வெள்ளைக் கோடிட்ட நீலம் ஆம்ப்ளிஃபயரை விழிக்கச் செய்வது. வீட்டில் சாவி இல்லையாகையால் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிக் காப்பிட்டு இணைத்துவிட்டால் பிளேயர் உயிர்பெறுகிறது. வானொலிக்கு வேண்டிய ஆண்டெனாவும் அப்படித்தான், 96.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் மின்னல் பண்பலைக்கு அலைநீளத்தின் கால் பாகமாகிய 78 சென்டிமீட்டர் வயரை வெட்டி ஆண்டெனாத் துளையின் நடு ஊசியில் பொருத்தி ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தாலே, காஜாங்கில் ஒலி தெளிவாகக் கிடைக்கிறது.

இனி மின்சாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த விஷயத்தின் பாதிக்கு மேற்பட்ட பாகம் அதிலேயே அடங்கியிருக்கிறது என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஓடும் வண்டியில் உள்ள மின்சாரம் பன்னிரண்டு வோல்ட் என்று பேச்சில் சொல்லப்பட்டாலும், இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கையில் ஆல்டர்னேட்டர் தருவது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரையில் இருக்கும். அதற்கும் மேலாக, கண நேரத்துக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை வாரிக் கொடுக்கக்கூடிய ஈய பாட்டரி ஒன்று பக்கத்திலேயே இருப்பதால், உறுமியின் ஓர் அடிக்கு ஆம்ப்ளிஃபயர் திடீரென்று கேட்கும் சக்தியை அது முகம் கோணாமல் வழங்கிவிடுகிறது. வீட்டுக்குள் வந்தால் இந்த இரண்டு துணைகளும் இல்லை. 2008-ஆம் ஆண்டு முதல் மலேசியாவின் அதிகாரபூர்வமான வீட்டு மின்னழுத்தமாக இருக்கும் 230 வோல்ட், சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கின் வழியே பவர் சப்ளை என்னும் சிறு தகரப் பெட்டிக்குள் புகுந்து, அங்கே பன்னிரண்டு பதின்மூன்று வோல்ட்டாக இறங்கி, பின்பு ஆம்ப்ளிஃபயருக்குள் மீண்டும் நேரும் எதிருமாக ஐம்பது வோல்ட் அளவுக்கு ஏறி, அதன் பிறகே சப்வூஃபரை அசைக்கிறது. வீட்டுக்கென்று செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயர் 230-லிருந்து நேரே தனக்கு வேண்டிய ஐம்பதுக்கு இறங்கிக்கொள்ளும் காரியத்தை, நாம் ஒரு படி அதிகமாக இறங்கிப் பின்பு ஏறிச் செய்கிறோம். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு உஷ்ணமாக விரயமாகிறது என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் கொள்வது நல்லது.

எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்ட பிறகே கடைக்குப் புறப்பட வேண்டும். டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் பெறும் சக்தியில் நூற்றுக்கு எண்பது பாகம் ஒலியாக்கத்துக்குப் போகிறது என்று கொண்டால், 300 வாட் வெளியே வர 375 வாட் உள்ளே செல்ல வேண்டும், 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். பழைய ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் இதைவிட வெகுவாக அதிகமாகும். பிளேயர் தன் பங்குக்குச் சில ஆம்பியர்களைக் கேட்கும். ஆகவே, விளம்பரப் பலகை விளக்குகளுக்கும் மறைகாணிகளுக்கும் விற்கப்படும் பத்து ஆம்பியர்ப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுவது எவ்வகையிலும் பயன்படாது. தைவானில் 1982-இல் தொடங்கப்பட்ட மீன் வெல் போன்ற கம்பெனிகள் செய்யும் 350 வாட் வகையில், பன்னிரண்டு வோல்ட்டில் 29 ஆம்பியர் தருவதும், பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருப்பினால் 13.8 வோல்ட் வரை உயர்த்தக்கூடியதுமான பெட்டி, முழு 300 வாட்டையும் தொடர்ந்து கேட்காதவரையில், இந்தக் காரியத்துக்குப் போதுமானது. ஸ்டேடியம் காஜாங் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறி, மெர்டேக்காவில் எல்.ஆர்.டி.க்கு மாறிப் புடுவில் இறங்கி நடந்தால், ஜாலான் பாசாரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இத்தகைய பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். வாங்கியதும் செய்ய வேண்டிய முதற்காரியம் ஒன்று உண்டு. சில பெட்டிகளில் 115 என்றும் 230 என்றும் இரு நிலைகள் உள்ள ஒரு சிவப்பு விசை பக்கவாட்டுத் துளைக்குள் ஒளிந்திருக்கும். அது 230-இல் இருக்கிறதா என்று பார்த்த பின்பே பிளக்கைச் செருக வேண்டும். பெட்டியின் மின் முனைகள் மூடியில்லாமல் திறந்திருப்பவையாதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் காற்றோட்டமுள்ள ஒரு கூட்டுக்குள் அடைத்து, மூன்றாவது முனையாகிய எர்த் வயரைத் தவறாமல் இணைத்து வைப்பது இன்றியமையாதது. மின் வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பாகத்தை மட்டுமேனும் வயர்மேனிடம் விட்டுவிடலாம்.

இவ்வளவும் கிரமமாகச் செய்து பாட்டை ஒலிக்கவிட்டால், மென்மையான பாகங்களில் நாதம் மனத்தை நிறைக்கிறது. ஆனால் தாளம் வலுக்கும் இடங்களில் கீழ்ஸ்தாயி ஒலி கிழிந்தாற்போலக் கரகரக்கிறது. இன்னும் ஒலியை உயர்த்தினால் ஒவ்வோர் அடிக்கும் ஆம்ப்ளிஃபயரின் பச்சை விளக்கு அணைந்து எரிகிறது. பிளேயர் முதலிலிருந்து தொடங்கிக்கொள்கிறது. வண்டி அலங்காரக் கடையில் சப்வூஃபர் பெட்டியைக் காட்டியபோது, அங்கே வேலை செய்யும் இளைஞர் கூம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, காயில் வெந்து போச்சு, புதுசு போட்டுடலாம்” என்றார். இந்தத் தீர்ப்பைப் பலரும் பல கடைகளில் கேட்டிருப்பார்கள். கேட்டு நல்ல சப்வூஃபர்களைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. கரகரப்பு வெளிப்படும் இடம் சப்வூஃபர் என்பது உண்மையே. அது பிறக்கும் இடத்தைக் காண, சுவரிலுள்ள பிளக்கிலிருந்து தொடங்கி, மின்சாரம் நடந்து வரும் வழியிலேயே நாமும் நடந்து வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், ஒரு சாதாரண மல்டிமீட்டரின் ஊசிகளை ஆம்ப்ளிஃபயரின் மின்வாயில் வைத்துக்கொண்டு பாட்டை ஒலிக்கவிட வேண்டும். பவர் சப்ளையின் வாயில் வைத்தால் இடையிலுள்ள வயரின் குறை தெரியாது. மெல்லிய வயர் வழியே வந்த மின்சாரம், அடி விழும்போதெல்லாம் பதினொன்றுக்கும் கீழே சரிவதை மீட்டர் காட்டியது. சாதாரண மீட்டர் மந்தமானதாகையால் அது காட்டுவதைவிட உண்மையான சரிவு ஆழமாகவே இருக்கும். பெரும்பாலான வண்டி ஆம்ப்ளிஃபயர்களில், தரக்கூடிய சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 14.4-இல் 300 வாட் தருவது 12-இல் ஏறத்தாழ 208 வாட்டே தரும். 11-இல் 175 வாட்டுக்குச் சுருங்கிவிடும். அதற்கு மேல் நாம் கேட்கும் ஒவ்வொரு அலையின் உச்சியும் மழுங்கி, தட்டையாக வெட்டுண்டு வெளியே வருகிறது. சிதைவு என்று காதில் விழுவது இந்த வெட்டுப்பட்ட அலைதான். முழுவதும் தட்டையாகிவிட்ட அலை, அதே உச்சமுள்ள இயல்பான அலையைவிட இரண்டு மடங்கு சக்தியைக் கம்பிச் சுருளுக்குள் செலுத்தும். ஆகவே சக்தி குறைந்த மின்சாரத்தோடு வெகு நேரம் ஒலிக்கும் சப்வூஃபரின் சுருள் உண்மையாகவே வெந்து போகவும் கூடும். விளக்கு அணைந்து எரிவதற்குக் காரணம் வேறு. தன் எல்லையை மீறிக் கேட்டால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கணம் நின்று, மறுகணம் திரும்பவும் முயன்று பார்க்கிறது. அதைப் பவர் சப்ளையின் தோஷம் என்று எண்ணுவது நியாயமாகாது.

இந்த நிலையில் நண்பர்கள் சொல்லும் பரிகாரம் ஒரு ஃபாரட் அளவுள்ள பெரிய கபாசிட்டர். அதன் மீது பலருக்குள்ள பக்தியைக் கலைப்பதற்காக அல்ல, அது என்ன செய்யும் என்பதைத் தெளிவுபடுத்துவதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். மின்னழுத்தம் 13.8-லிருந்து 12.8-க்கு ஒரு வோல்ட் இறங்கும்போது ஒரு ஃபாரட் கபாசிட்டர் வெளியே விடுவது சுமார் 13 ஜூல் சக்தி. நமக்கு நூறு வாட் பற்றாக்குறை இருந்தால், அது ஒரு வினாடியில் எட்டில் ஒரு பாகத்துக்குப் போதும். நாற்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்து அலைகளுக்குப் போதும் என்றும் சொல்லலாம். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒற்றை அடிக்கு இது உதவும். நீண்டு இழையும் பேஸ் கித்தாரின் ஸ்வரத்துக்கு உதவாது. மேலும், காலியான கபாசிட்டரைத் திடீரென்று இணைத்தால் அது இழுக்கும் மின்சாரத்தைக் கண்டு பவர் சப்ளை தொடங்க மறுத்துவிடும். பழைய கார் பாட்டரியைப் பவர் சப்ளையோடு சேர்த்து வைப்பவர்களும் உண்டு. ஒலியின் பொருட்டு அது நல்ல உபாயமே. எனினும் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும் ஈய பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் என்பதால், ஜன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் போட்டு உறங்கும் வீட்டில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பற்றாக்குறையைத் தீர்க்க, கூடுதல் சக்தியைத் தேடுவதற்கு முன், கேட்பதைக் குறைப்பதே விவேகம். இரட்டைச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் சுமை நான்கு ஓம். பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு ஓம். எனக்குக் கிடைத்த பெட்டியில் பின்னதே செய்யப்பட்டிருந்தது. இரண்டு ஓமுக்குக் கீழே போகக்கூடாத ஆம்ப்ளிஃபயரை, பாட்டரியின் தயவில் வண்டியில் எப்படியோ ஓட்டியிருக்கிறார்கள். நான்கு ஓமுக்கு மாற்றி இணைத்து, மெல்லிய வயரை எடுத்துவிட்டுப் பத்துச் சதுர மில்லிமீட்டர் வயரைக் குட்டையாக வெட்டிப் போட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஃபியூஸையும் வழியில் வைத்ததும், விளக்கு அணைவது அடியோடு நின்றது. இணைக்கும்போது ஒரு சுருளின் முனைகள் தலைகீழாக மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக் கூம்பு அசையாமலே நிற்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்றரை வோல்ட் பென்சில் பாட்டரியைத் தொட்டுப் பார்த்தால் கூம்பு வெளியே தள்ளுகிறதா, உள்ளே இழுக்கிறதா என்று ஒவ்வொரு சுருளுக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது கெயின் திருகி. இதை ஒலியின் அளவை உயர்த்தும் திருகியாக எண்ணி முற்றிலும் வலப்புறம் திருப்பி வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயர்களே நான் கண்டவற்றில் அதிகம். பிளேயரிலிருந்து வரும் மென்மையான சமிக்ஞைக்கும் ஆம்ப்ளிஃபயரின் முழு சக்திக்கும் இடையே ஒத்திசைவை உண்டாக்குவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. சப்வூஃபரின் வயரைக் கழற்றிவிட்டு, ஐம்பது ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் பதிந்த கோப்பைப் பிளேயரில் முக்கால் ஒலியளவில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஒலி முனைகளில் மாறுமின் அழுத்தத்தை அளக்க வேண்டும். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும். நான்கு ஓமில் 300 வாட்டுக்கு 34.6 வோல்ட், 150 வாட்டுக்கு 24.5 வோல்ட். நான் பின்னதையே தேர்ந்தேன். சக்தியைப் பாதியாகக் குறைத்தால் ஒலியும் பாதியாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காதுக்குத் தெரியும் வித்தியாசம் மூன்று டெசிபல் மட்டுமே. அதே சமயம் பவர் சப்ளையின் மீதுள்ள பாரம் 27 ஆம்பியரிலிருந்து பதினான்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கூடத்தில் கேட்பதற்கு 150 வாட் மிகுதியே.

கெயினுக்குப் பக்கத்தில் பேஸ் பூஸ்ட் என்று ஒரு திருகி இருக்கும். 45 ஹெர்ட்ஸ் அண்டையில் ஒலியைப் பன்னிரண்டு டெசிபல் வரை உயர்த்துவது அதன் சுபாவம். பன்னிரண்டு டெசிபல் என்பது சக்தியில் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. இருபது வாட்டில் அமைதியாக ஒலித்திருக்க வேண்டிய ஸ்வரம் 320 வாட்டைக் கேட்கிறது. இதை முழுவதும் இடப்புறம் திருப்பி வைத்த அந்த நிமிஷமே எஞ்சியிருந்த கரகரப்பில் பெரும்பாகம் மறைந்தது. கெயினை அளக்கும்போதும் இது அணைந்தே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எழுகிறது. வண்டியில் இதே பெட்டி, இதே பாட்டுக்கு, நெஞ்சை அதிரவைத்ததே. கூடத்தில் ஏன் பூஸ்ட்டைத் திருப்பத் தோன்றுகிறது? இந்த விசாரணையில் எனக்கு மிகவும் சுவைத்த பாகம் இதுதான். முப்பது பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. நாற்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8.7 மீட்டர் நீளம். இரண்டரை மீட்டர் உள்நீளமுள்ள வண்டிக்குள் அந்த அலை விரிவதற்கு இடமே இல்லை. ஆதலால் சப்வூஃபர் அங்கே அலையை அனுப்புவதை விட்டு, அடைபட்ட காற்று முழுவதையும் ஒரே சமயத்தில் அழுத்தித் தளர்த்துகிறது. இவ்வளவு நீளமுள்ள வண்டியில் எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஸ்தாயி ஒன்று இறங்குந்தோறும் கொள்கையளவில் பன்னிரண்டு டெசிபல் ஒலி இலவசமாகச் சேர்கிறது. கதவு இடுக்குகளும் தகரத்தின் நெகிழ்வும் அதில் ஒரு பகுதியைக் கசியவிட்டாலும், மிஞ்சுவதே பெரிய கொடை. 35 ஹெர்ட்ஸில் வண்டி நூறு வாட்டைக்கொண்டு உண்டாக்கிய அழுத்தத்தை விசாலமான கூடத்தில் உண்டாக்க, கணக்குப்படி 1,600 வாட் வேண்டியிருக்கும். ஆகவே வண்டியின் கூடு அந்த வாத்தியத்தின் பாதி உறுப்பாகவே இருந்திருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்ற பாதியை மட்டும் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இழந்ததை மின்சாரத்தால் ஈடுசெய்ய முயலும்போது கூம்பும் வருந்துகிறது. ஒரே அளவு ஒலிக்கு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். துவாரக் குழாய் உள்ள பெட்டியில், அந்தக் குழாய் இசைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றுத் தலையணையும் விலகிவிடுகிறது. அப்போது சுருள் பின்தகட்டில் மோதும் ‘டப்’ என்ற சப்தம் கேட்டால், அது சப்வூஃபரின் ஆயுளைக் குறைக்கும் சப்தம் என்று அறிந்து உடனே ஒலியைக் குறைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் வடிகட்டி இருந்தால் அதை முப்பது ஹெர்ட்ஸ் அளவில் இயக்கி வைப்பது இதற்கு ஏற்ற காப்பு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் விரித்த கணிதத்தின் புண்ணியத்தால், பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் முன்கூட்டியே கணக்கிட இன்று எவராலும் முடியும். ஆயினும் நம் ஊரில் செய்யப்படும் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் பின்புறத்தில் மிஞ்சும் இடத்தைக்கொண்டே அளவெடுக்கப்படுகின்றன.

கூடத்துக்கும் அதற்கே உரிய சுபாவம் உண்டு. இருபது அடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட தொடர் வீட்டை எடுத்துக்கொள்வோம். காஜாங்கின் தாமான்களில் இது எங்கும் காணும் அளவு. தரைக்கும் கூரைக்கும் இடையே எதிரொலித்து நிற்கும் முதல் அலை 57 ஹெர்ட்ஸ். அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்காகையால், அகலவாக்கில் நிற்கும் இரண்டாவது அலையும் அதே 57 ஹெர்ட்ஸில் வந்து விழுகிறது. கூடத்தின் நீளம் பதினான்கு அடியாக இருந்தால் அங்கே நிற்பது 41 ஹெர்ட்ஸ்; அது பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் ஸ்வரத்தோடு ஏறக்குறைய ஒன்றுபடுகிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கித்தார் தனியே ஓர் இசைக்கோடு வரைந்து செல்வதைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு, அந்தக் கோட்டின் ஒரு ஸ்வரம் மட்டும் புடைத்து உருளுவதும், அடுத்தது காணாமற் போவதும் பெரிய வேதனை. இதையும் கரகரப்பு என்றே பலர் கூறுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. இதற்கு நல்ல வழி, சப்வூஃபரை நாம் வழக்கமாக அமரும் நாற்காலியின் மேல் வைத்து ஒலிக்கவிட்டு, நாம் சுவரோரமாகக் குனிந்து நடந்து, ஸ்வரங்கள் சமமாகக் கேட்கும் இடத்தைக் கண்டு அங்கே பெட்டியை நிறுத்துவது. மூலையில் வைத்தால் ஒலி பெருகும். ஆனால் புடைப்பும் பெருகும். இங்கே சுவாமி படத்துக்கும் ஷூ அலமாரிக்கும் இடையே, மூலையிலிருந்து சிறிது விலகிய இடம் பொருத்தமாக அமைந்தது.

கடைசியாக மிஞ்சிய ஒரு நடுக்கம் சப்வூஃபரிலிருந்து வரவில்லை. நாக்கோ ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள், அவற்றைப் பிடிக்கும் அலுமினியக் கவ்விகளுக்குள் தளர்ந்திருந்ததால், அடிக்கொரு முறை கிலுகிலுத்தன. முப்பதிலிருந்து நூறு ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, சந்தேகப்படும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திக்கொண்டே போனால் குற்றவாளி அகப்பட்டுவிடும். மெல்லிய ரப்பர்த் துண்டுகளைச் செருகியதும் அது அடங்கியது. பெட்டியின் மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் சீறல் கேட்கும். நம் ஊரின் ஈரக் காற்றில் கூம்பின் ஓரத்துப் பசை விட்டிருந்தால் தளதளவென்று அடித்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் பார்த்த பின்னரே கடைக்காரர் சொன்ன சுருளைப் பரீட்சிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு கைகளின் விரல்களையும் கூம்பின் மேல் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தும்போது உரசும் சப்தம் கேட்டால் சுருள் பழுதுதான். மல்டிமீட்டர் சுருளின் ஓமையே காட்டாவிட்டாலும் பழுதுதான். இந்தச் சப்வூஃபரில் இரண்டும் இல்லை.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைக்காட்சிப் பெட்டியை ஆர்.சி.ஏ. வயரால் பிளேயரோடு இணைத்தபோது தாழ்ந்த ரீங்காரம் ஒன்று தோன்றியது. இரு சாதனங்களும் தனித்தனியே எர்த் பெறுவதால் உண்டாகும் இதை, இடையே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வகை ஐசொலேட்டர் போட்டுத் தீர்க்க முடிந்தது. பவர் சப்ளைக்குப் பக்கத்தில் ஆண்டெனா வயர் போனால் வானொலியில் இரைச்சல் கலக்கும். ஆம்ப்ளிஃபயரை அலமாரிக்குள் அடைக்கக் கூடாது. பிற்பகல் வெப்பத்தில் அது தொட முடியாதபடி சூடேறுகிறது. இடி மின்னல் மிகுந்த நம் வட்டாரத்தில், வானம் இருண்டதும் பிளக்கையும் பிடுங்கிவிடுவதே உத்தமம்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடர் வீடுகளைப் பிரிக்கும் செங்கல் சுவர், பேச்சொலியைத் தடுக்குமளவுக்கு நாற்பது ஹெர்ட்ஸைத் தடுப்பதில்லை. நமக்கு மென்மையாகக் கேட்பது அவர்களுடைய படுக்கையறையில் பாட்டே இல்லாத வெறும் அதிர்வாகப் போய்ச் சேரும். பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் வைத்தேன். மேல்ஸ்தாயியைத் தடுக்கும் வடிகட்டியை எண்பது ஹெர்ட்ஸில் நிறுத்தினேன். இரவு உணவுக்குப் பின் சப்வூஃபரை அடியோடு நிறுத்திவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உழைத்துக் களைத்து உறங்கும் மனிதருடைய நித்திரையைவிட நம்முடைய சங்கீதம் பெரிதென்று கருதுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இவ்வாறு சீர்செய்த பின் இந்தத் தொகுதி எப்படி ஒலிக்கிறது? நாகஸ்வரக் கச்சேரிப் பதிவுகளில் தவிலின் அடி உருண்டையாகவும் தெளிவாகவும் வருகிறது. பழைய திரைப்பாடல்களில் இதுவரை தொலைக்காட்சிப் பெட்டியின் சிறு ஸ்பீக்கர்கள் மறைத்து வைத்திருந்த கீழ்ஸ்தாயி வெளிப்படுகிறது. வானொலி அறிவிப்பாளரின் குரல் நீள்வட்ட ஸ்பீக்கர்களில் கொஞ்சம் கூர்மையாகவே கேட்கிறது. இவை பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டில் பதிந்து மேல்நோக்கி ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. நேரே முகத்துக்கு எதிரில் வைத்தால் உறுத்தும், சற்றே திருப்பி வைக்க வேண்டும். பிளேயர் தன் பெட்டியில் ஐம்பது வாட் என்று எழுதிக்கொண்டாலும் அந்த ஸ்பீக்கர்களுக்குத் தொடர்ந்து தருவது இருபது வாட் அளவே. கூடத்துக்கு அது போதும். சினிமா கொட்டகையின் அதிர்வை எதிர்பார்ப்பவருக்கு இந்தத் தொகுதி நிச்சயமாக ஏமாற்றமளிக்கும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கி இப்படி அமைக்க நினைப்பவருக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பணத்தில் 230 வோல்ட்டில் நேரே இயங்கும் வீட்டுச் சப்வூஃபரை வாங்கினால் பவர் சப்ளையும் தடித்த வயரும் கணக்கும் இல்லாமலே நல்ல ஒலி கிடைக்கும். சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே வீட்டில் கிடப்பவர்களுக்கு, ஒரு தரமான பவர் சப்ளையும் மல்டிமீட்டரும் வயரும் வாங்கும் செலவு வீண்போகாது. ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் நூறு வாட்டுக்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நலம். துவாரக் குழாய் இல்லாத, நான்கு புறமும் அடைத்த பெட்டி ஒன்றை முக்கால் அங்குலப் பலகையில் செய்து இதே சப்வூஃபரை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் அடுத்த உத்தேசம். குழாய் உதவும் இடத்தில் ஒலி சற்றுக் குறைந்தாலும், கீழே இறங்க இறங்கக் கூம்பைக் காற்று கைவிடாமல் தாங்கும். கூடத்தின் 57 ஹெர்ட்ஸ் புடைப்பும் அதில் இவ்வளவு மேலெழாது என்று கணக்கு சொல்கிறது.